உச்சிக்கு நாலு டிகிரி முன்

நாளை பதினொரு மணிக்குத் தேக்லேவுக்குக் கல்யாணம்.
மணப்பெண் ஏற வேண்டிய வோல்கா
குத்தாயிசியில், கராஜ் வரிசையில்,
ஏழாம் எண் தகரக் கதவுக்குப் பின்னால்
இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

எட்டு மாதம்.
லைனர் நாலும் புதுசு.
பிஸ்டன் வளையங்கள் திபிலீசியிலிருந்து
ஒரு பஸ் டிரைவரின் சீட்டுக்கு அடியில் வந்தவை.
கேம் சக்கரத்தின் கோடும் கிராங்க் சக்கரத்தின் புள்ளியும்
முகம் பார்க்கும்படி நான்தான் பூட்டினேன்.
பகலெல்லாம் மருந்துக்கடையில்
மில்லிகிராம் பார்க்கும் கண் இது.

ஆனால் கோச்சா சாவியைத் திருப்பினால்
ஓடவில்லை, வெடிக்கிறது.
கார்புரேட்டர் வாயில் நீலமாய் ஒரு ஏப்பம்.
பின்னால் சைலென்சரில் ஒரு வேட்டு.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
“லாமாரா, அங்கே கல்யாணமா கருமாதியா?”
சியாலாவின் குரல்.

கோச்சா பெட்ரோலைத் திட்டினான்,
கண்டென்சரைத் திட்டினான்,
பிளக் விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டினான்.
நான் ஒயர்களை எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, நாலு, மூன்று.
பாயிண்ட் இடைவெளிக்குள் தகட்டை விட்டேன்,
பல்லிடுக்கில் நூல்போல உரசிக்கொண்டு போனது.
எல்லாம் சரி.
எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத ஒன்றின் முன்
நடுராத்திரியில் நிற்பதைவிட
எதையாவது உடைத்துவிட்டு நிற்கலாம்.

அப்புறம்தான் கேட்டேன்.
“டிஸ்ட்ரிபியூட்டரை நீ மாட்டும்போது
முதல் பிஸ்டன் எங்கே இருந்தது?”
“மேலே.”
“எந்த மேலே?”

இருமுறை வரும் அது, அதே உச்சிக்கு.
ஒருமுறை
காற்றையும் பெட்ரோலையும் நெருக்கிப் பிடித்து
இரண்டு வால்வையும் சாத்திக்கொண்டு
பொறிக்காக வரும்.
மறுமுறை
எரிந்து தீர்ந்ததை வெளியே தள்ளிவிட்டுச்
சும்மா வரும்.
உயரம் அதேதான். கப்பியின் குறியும் அதேதான்.
வெளியே நின்று பார்ப்பவனுக்கு
இரண்டும் ஒன்று.

முதல் பிளக்கைக் கழற்றித்
துளையில் கட்டைவிரலை வைத்தேன்.
கோச்சா முன்னால் குனிந்து கம்பியைச் சுற்றினான்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு
விரலுக்கு அடியில் ஒரு மூச்சு முட்டியது,
விடு விடு என்று தள்ளியது.
“நிறுத்து.”

மூடியை எடுத்தோம்.
ரோட்டர் நிதானமாக
நாலாம் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
எட்டு மாத வேலையில்
அரைச் சுற்றுப் பிழை.
கோச்சா சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து,
ஒயர்களை மாற்றினான்:
ஒன்றை நாலுக்கு, இரண்டை மூன்றுக்கு.

மிச்சம் நாலு டிகிரி.
உச்சியில் நின்று கொளுத்தினால் பிந்திவிடும்;
சிலிண்டர் முழுக்கப் பரவத்
தீக்கும் அவகாசம் வேண்டும்.
சின்ன பல்பு ஒன்றைக் கம்பியில் இணைத்து
டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை
மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.
இருட்டு. இருட்டு.
எரிந்தது.
அந்த இடத்தில் போல்ட்டை இறுக்கினேன்.

ஒன்றரை மணிக்கு ஓடியது.
முதலில் தும்மி,
பிறகு நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததுபோல்
சீராக.

மூன்றாம் மாடி மறுபடி எரிந்தது. இம்முறை
சியாலா இறங்கியே வந்துவிட்டாள்,
ஓவர்கோட்டும் பெரிய பையுமாக.
“தூக்கத்தைக் கெடுத்தீர்கள். ஐந்து மணிக்கு
எனக்குப் பத்துமி பஸ். நடந்து போக மாட்டேன்.”

விடியுமுன் ரியோனிப் பாலத்தைத் தாண்டிப்
பக்ராத்தி மேட்டுக்கு விட்டேன்.
சுற்றுவழிதான். சியாலா கண்டுகொள்ளவில்லை.
கோச்சா பின்சீட்டில் குறட்டை.
மூன்றாம் கியரிலேயே அழுத்தி மிதித்தேன்.
டொக், டொக், டொக்.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
நாம் எழுந்திருப்பதற்குள் போய்விட்டதுபோல்
நின்றது.

“என்ன சத்தம் அது?”
“அவ்வளவுதான் கேட்க வேண்டும்,” என்றேன்.

ஸ்டியரிங்கின் மேல் என் கட்டைவிரல்.
அதில் பிளக் துளையின் அளவுக்கு
ஒரு கரி வட்டம்.
பதினொரு மணிக்குள் போகாது.